பிப்ரவரித் திங்களும் நம் கண்மாய்களும்

தைப் பொங்கல் முடிந்து கல்லூரிகள் திறந்த சில நாட்களிலேயே அறிவிப்புப் பலகைகளில் இடம் போதாமற் போய்விடுகிறது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள்; பிப்ரவரி 10 உலகப் பயறு நாள்; பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சொற்பொழிவு, வினாடி வினா, ஓவியப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி என்று வரிசையாக நிகழ்ச்சிகள் குறிக்கப்பட்டிருக்கும். மார்ச்சு 22-இல் நீர் நாள், ஜூன் 5-இல் சுற்றுச்சூழல் நாள் என்று அவ்வரிசை பின்னும் நீளும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். இத்தகைய நாட்களைக் கொண்டாடியும் இருக்கிறேன். பிறர் கொண்டாடக் கண்டும் இருக்கிறேன். இவற்றுள் பிப்ரவரித் திங்களில் வரும் நாட்களைப் பற்றியும், புதுக்கோட்டை மாவட்டத்தில் பயிலும் கல்லூரி மாணவருக்கு அவை எவ்வகையில் பயன்படலாம் என்பது பற்றியும் சரித்திரத்தை ஒட்டிச் சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஈரநில நாள். 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ராம்சார் என்னும் ஊரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஏரி, சதுப்பு, கழிமுகம், உப்பங்கழி முதலிய நீர்நிலங்களை அழியாமற் காப்பது அதன் நோக்கம். நாடு விட்டு நாடு பறந்து செல்லும் நீர்ப்பறவைகளுக்கு அரசுகளின் எல்லைகள் தெரியா; ஆகவே அவற்றின் தங்குமிடங்களை எல்லா நாடுகளும் சேர்ந்தே காக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இந்தியா 1982-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் கோடியக்கரை, வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர், கரைவெட்டி முதலாகப் பல இடங்கள் ராம்சார் பட்டியலில் உள்ளன. அப்பட்டியலில் நம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றேனும் இல்லை. இதனை நான் குறையாகக் கூறவில்லை. பட்டியலில் ஏறத்தக்க பெரும் பறவைச் சரணாலயங்கள் நமக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஈரநிலம் என்ற சொல்லுக்கு இம்மாவட்டத்தைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

புதுக்கோட்டைக்குக் காவிரியைப் போன்ற ஒரு பேராறு வாய்க்கவில்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் ஓடி மற்றைய நாட்களில் மணலாய்க் கிடப்பவை. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ பல இடங்களில் செம்புறாங்கல்லும் பாறையும் கலந்தது. இத்தகைய சீமையில் நெல் விளைந்தது எப்படி? கோயில்கள் எழுந்தது எப்படி? சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் கொடும்பாளூரும் குடுமியான்மலையும் எதனை உண்டு வளர்ந்தன? இவ்வினாக்களுக்கு விடை கண்மாய் என்ற ஒரு சொல்லில் அடங்கும். சிறியனவும் பெரியனவுமாக 5,000-க்கு மேற்பட்ட பாசனக் குளங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. ஒன்றின் மிகுநீர் கலுங்கு வழியே வழிந்து அடுத்ததற்குப் போகும். அதன் மிகுநீர் அதற்கும் கீழுள்ளதற்குப் போகும். இவ்வாறு சங்கிலிக் கண்ணிகள்போல் அவை கோக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்நீரின் அளவு 90 கோடி லிட்டர். கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டுக் காட்டும்போது மாணவர்கள் வியப்படைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்நீர் முழுவதும் குளத்துக்கு வந்து சேர்வதில்லை. மண் குடிப்பது ஒரு பங்கு, வெயில் குடிப்பது ஒரு பங்கு, மரஞ்செடிகள் குடிப்பது ஒரு பங்கு. எஞ்சியது வரத்து வாரிகளில் ஓடி வந்து கரைக்குள் அடங்குகிறது. எவ்வளவு எஞ்சுகிறது என்பதே பாசன விஞ்ஞானத்தின் அடிப்படைக் கேள்வி.

இனி, நம் முன்னோர் குளத்து நீரை வெளியே விட்ட முறையைச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். வறண்ட கண்மாயின் உள்வாயில், கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் நிமிர்ந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மாடு மேய்ப்போர் அவற்றின் நிழலில் ஒதுங்குவர். பாழடைந்த மண்டபத்தின் மிச்சம் என்று எண்ணி அப்பால் செல்வோரும் உண்டு. அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு இடையே குறுக்குப் பலகைக் கற்கள் இருக்கும். அவற்றின் அடியில், குளத்தின் தரைமட்டத்தில், கல்லாலான ஒரு தொட்டி. அதன் மூடியில் ஒரு துளை. தொட்டியின் கீழ்ப்புறத்தில் சிறு துளைகள். மேல் துளைக்கு நீரோடி என்றும் கீழ்த் துளைகளுக்குச் சேறோடி என்றும் பெயர். மேல் துளையை அடைத்திருக்கும் அடைப்பை உயர்த்தினால் தெளிந்த நீர் அதன் வழியே இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கையில் பாய்ந்து வயற்காலை அடையும். அந்த வேகத்தினால் தரைமட்டத்துச் சேறும் சேறோடித் துளைகளின் வழியே இழுபட்டு நீருடன் கலந்து வயலுக்குப் போகும். குளம் தூர்வதும் குறையும். வயலுக்கு வண்டல் உரமும் சேரும். நீரின் இழுவிசையை அறிந்தவர் எவரோ இதனை அமைத்திருக்க வேண்டும். அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர்.

இக்குமிழிகளை அமைத்தவர்களின் பெயர்கள் பல இடங்களில் தூண்களிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. பல்லவர் காலம் தொட்டு முத்தரையர், இருக்குவேளிர், சோழர், பாண்டியர் காலங்களின் வழியே ஏரி வெட்டியதையும், கலிங்கு கட்டியதையும், குளப் பராமரிப்புக்கு நிலம் விட்டதையும் கூறும் கல்வெட்டுகள் இச்சீமையில் கிடைத்துள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் தன் எல்லைக்குள் இருந்த 1,100-க்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்களை நூலாக அச்சிட்டது. ஒரு சிறு சமஸ்தானம் தன் ஊர்க் கற்கள் பேசுவதை இவ்வளவு சிரத்தையுடன் கேட்டு எழுதி வைத்தது என்பது பெருமைக்குரியது. அதற்கு முன்னரே, 1910-இல், அருங்காட்சியகம் ஏற்பட்டுவிட்டது. இன்று அது திருக்கோகர்ணத்தில் உள்ளது. மன்னர் கல்லூரி முதல்வராயிருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் சமஸ்தானத்தின் பொதுச் சரித்திரத்தை எழுதினார். பின்னர் கே.ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை வெளிவந்தது. மழை, மண், ஆறு, குளம், ஊர் என்று எல்லாம் அதில் உண்டு. கல்லூரியைச் சார்ந்தவர் ஒருவரே இவ்வேலையில் முன்னின்றார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அக்கல்லூரி இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது.

சமஸ்தான ஆட்சியைப் பற்றி ஒரு குறிப்பு. 1878-இல் ஏ. சேஷய்யா சாஸ்திரி திவானாக வந்தார். திருவிதாங்கூரில் அப்பதவியை வகித்து அனுபவம் பெற்றவர் அவர். நகரின் குளங்களைத் துப்புரவு செய்வித்தமையும், விளைச்சலில் அரசும் குடிகளும் பங்கு பிரித்துக்கொள்ளும் அமானி முறையை ஒழித்தமையும் அவர் காலத்துச் செயல்கள். அமானியில் ஊழல் மலிந்திருந்தது. அதனை ஒழித்தது நன்றே. ஆனால் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. விளைச்சலில் பங்கு பெறும் அரசுக்குக் குளத்தில் நீர் இருக்கிறதா என்ற கவலை தானாகவே இருக்கும். பணத்தீர்வை வந்த பின், நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்வை தீர்வைதான். இது என் அபிப்பிராயமே; பொருளாதார சரித்திரம் பயில்வோர் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய பெரிய கண்மாய்கள் ஒரு துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சென்றன. ஊரார் ஆண்டுதோறும் கூடி மண் எடுத்துக் கரை உயர்த்திய வழக்கம் மெல்ல மறைந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது. தன் வயலில் மின்விசையைத் தட்டினால் நீர் வரும்போது, மூன்று மைலுக்கு அப்பால் வரத்து வாரியில் யாரோ மண் கொட்டுவதைப் பற்றி ஒருவன் ஏன் கவலைப்படுவான்? இவ்வாறு வாரிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. வீட்டு மனைகளின் எல்லைக்கல் நடப்பட்ட இடங்களில் பல முன்னாளில் நீர்வழிகள்.

இங்கே ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் தைல மரத் தோட்டங்கள் பரந்த அளவில் உண்டு. அவற்றின் உள்ளே மழைநீரைத் தேக்குவதற்காக இடப்பட்ட வரப்புகளும் பள்ளங்களும் குளங்களுக்கு வரவேண்டிய நீரை மறித்துவிடுகின்றன என்பது பல ஊர்க் குடியானவர்களின் முறையீடு. நிலத்தடி நீரையும் அம்மரங்கள் உறிஞ்சிவிடுகின்றன என்றும் கூறுவர். மரம் வளர்ப்போர் தரப்பில் இதற்கு மறுமொழியும் உண்டு. கூட்டங்களில் இரு தரப்பும் உரத்துப் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் குறிப்பிட்ட ஒரு கண்மாய்க்கு, குறிப்பிட்ட ஒரு மழையில், எவ்வளவு நீர் வந்தது, தோட்டம் இல்லாத பக்கத்துக் கண்மாய்க்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கை எவரும் அக்கூட்டங்களில் எடுத்து வைத்ததை நான் கண்டதில்லை. வழக்கில் தோற்பவன் பெரும்பாலும் கணக்கில்லாத குடியானவன். கல்லூரி மாணவர் செய்யக்கூடிய வேலை ஒன்று அங்கே காத்துக் கிடக்கிறது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

மாணவர்கள் இத்தகைய வேலைக்கு வருவார்களா என்று ஐயுறுவோர் உண்டு. வந்திருக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி. 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 2-இலிருந்து நவம்பர் 7 வரை பாரத ஜன விஞ்ஞான ஜாதா என்ற பெயரில் கலைப் பயணம் நாடெங்கும் நடைபெற்றது. நவம்பர் 7 சர் சி.வி. இராமனின் பிறந்த நாள். அதனாலேயே அந்நாளில் முடித்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் அதில் ஈடுபட்டனர். பாட்டும் நாடகமுமாக விஞ்ஞானம் சந்தைத் திடலுக்கு வந்தது அப்போதுதான். அதன் பின், 1991-இல், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராய் இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாலை வேளைகளில் ஊர்தோறும் எழுத்தறிவித்தனர். கல்லுடைக்கும் பெண்கள் எழுதக் கற்றதும், சைக்கிள் ஓட்டக் கற்று அதிலேயே வேலைக்குப் போனதும் உலகறிந்த செய்தி. அவ்விளைஞருள் கல்லூரி மாணவர் பலர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. சான்றிதழைப் பற்றி அவர்கள் கேட்கவும் இல்லை.

நான் அந்நாளில் இளம் ஆசிரியன். அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரவு வகுப்பு நடத்தினேன். அவ்வகுப்புக்கு ஒரு முதியவர் வருவார். நீர்பாய்ச்சி வேலை பரம்பரையாகப் பார்த்த குடும்பம். 'ம' என்ற எழுத்தைப் பயிற்றும்போது மரம், மலை என்று நான் சொல்ல, அவர் மடை என்றார். "எந்த மடை ஐயா?" என்று கேட்டேன். "எந்த மடையா? வாத்தியாரே, நம்ம கண்மாய்க்கு மடை மூணு; ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு" என்று தொடங்கியவர், மூன்று மடைகளின் பெயர்களையும், அக்கண்மாய்க்கு நீர் கொண்டு வரும் பதினொரு வாரிகளின் பெயர்களையும், எந்த வாரி எத்திசை மழைக்கு ஓடும் என்பதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அன்றைய பாடம் அதுவே ஆயிற்று. அப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன்; வகுப்பினர் அவற்றையே எழுதிப் பழகினர். என் குறிப்பேட்டிலும் பதிந்துகொண்டேன். அம்முதியவர் மறைந்து நெடுநாள் ஆயிற்று. சென்ற ஆண்டு அக்குறிப்பேட்டுடன் அவ்வூருக்குச் சென்று விசாரித்தேன். பதினொன்றில் நான்கு வாரிகளை அடையாளம் காட்ட ஆள் இருந்தனர். மற்றைய ஏழின் பெயர்களை அவருடைய பேரப்பிள்ளைகளே கேள்விப்பட்டதில்லை. எழுதி வைக்கப்படாத கண்மாய்களில் இவ்வாறு எத்தனை பெயர்கள் போயிருக்கும்!

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல தலைமுறை உழைப்பு ஓர் இரவில் கிடையாகக் கிடந்தது. அதன் அடுத்த ஆண்டிலேயே கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டார இளைஞர்கள் தம் கைப்பணத்தையும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினரின் உதவியையும் சேர்த்துக் குளங்களைத் தூர்வாரினர். இழந்தவர்களே இதில் முதலில் இறங்கினர் என்பது கருதத்தக்கது. தூர்வாரும் இயந்திரத்துக்குக் கூலி கொடுக்க அவர்களால் முடிந்தது. எவ்வளவு ஆழம் வெட்டுவது, எங்கே வெட்டினால் நீர் கீழே இறங்கி ஓடிவிடும், குமிழியின் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்நீர் மடைக்கு ஏறுமா என்ற கேள்விகளுக்கு அருகில் இருந்து விடை சொல்ல ஆள் வேண்டும். பத்து ஹெக்டேர் குளத்தில் பத்துச் சென்டிமீட்டர் வண்டலை எடுத்தால் ஒரு கோடி லிட்டர் நீருக்கு இடம் பிறக்கும் என்ற கணக்கையாவது நிலவியலோ இயற்பியலோ பயிலும் மாணவர் அவர்களுக்குப் போட்டுத் தரலாம் அல்லவா?

இனிப் பிப்ரவரி 28-க்கு வருகிறேன். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த இராமன், 1921-இல் கப்பலில் வரும்போது நடுக்கடலின் நீலம் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிப்பதே காரணம் என்று அக்காலத்துப் பெரியோர் கூறியதை அவர் மனம் ஏற்கவில்லை. கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களுடன் பல ஆண்டுகள் உழைத்தார். திரவங்களின் ஊடே ஒளியைச் செலுத்தி, சிதறி வருவதில் நிறம் மாறிய கதிர்கள் உண்டா என்று நாள்தோறும் பார்த்தனர். 1928 பிப்ரவரி 28-இல் அது உறுதியாயிற்று. 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்நாளைத் தேசிய அறிவியல் நாளாக 1987 முதல் கொண்டாடுகிறோம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாம் கொண்டாடுவது இராமன் பிறந்த நாளை அன்று. அவர் ஒன்றைப் பார்த்த நாளை. இந்திய நாட்காட்டியில் ஓர் உற்றுநோக்கலுக்காக ஏற்பட்ட பெருநாள் அது ஒன்றே என்று நினைக்கிறேன்.

ஆகவே அந்நாளுக்கு உரிய சிறப்பு உற்றுநோக்கலே. பிப்ரவரி 2-க்கும் 28-க்கும் இடையே இருபத்தாறு நாட்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடையும் பெரும்பாலும் முடிந்து, கண்மாயில் நீர் நிற்கும் பருவம் அது. மழை அரிது, வரத்து இல்லை. எனவே இருபத்தாறு நாட்களில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அது ஆவியானதும், கீழே கசிந்ததும், மடை வழியே போனதும் ஆகும். குமிழித் தூணில் ஓர் அளவுகோலைக் கட்டிவிட்டு ஈரநில நாளன்று முதல் அளவை எடுங்கள். கல்லில் ஆணி அடிக்க வேண்டா. வண்ணமும் பூச வேண்டா. அது சரித்திரச் சின்னம். நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் மட்டத்தைக் குறியுங்கள். கரையில் வாய் அகன்ற தொட்டி ஒன்றில் நீர் வைத்து, அதில் எவ்வளவு குறைகிறது என்றும் குறியுங்கள். சிறு தொட்டி விரைவில் சூடேறும். பரந்த நீர்நிலையின் ஆவியாதல் அதில் காண்பதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கே இருக்கும். அதனை நீர்மட்ட இறக்கத்திலிருந்து கழித்தால் கசிவும் பாய்ச்சலும் எஞ்சும். மடை அடைத்திருக்கும் நாட்களில் அது முழுவதும் கசிவே. ஒரு கண்மாயிலிருந்து நாள் ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இருபத்தாறு நாளில் 130 மில்லிமீட்டர். நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் என்றால், காற்றில் போனது 5 கோடியே 20 லட்சம் லிட்டர். இதனைக் கேட்ட பின் தூர்வாரி ஆழப்படுத்துவதா, பரப்பைப் பெருக்குவதா என்ற வாதத்தை ஊராருடன் வேறு விதமாகப் பேசலாம்.

பத்தாம் தேதிப் பயறு நாளும் இவ்வேலைக்கு அயலானது அன்று. ஐக்கிய நாடுகள் சபை 2016-ஐப் பயறு ஆண்டாகக் கொண்டாடியதன் தொடர்ச்சியாக ஏற்பட்டு, 2019 முதல் நடைபெறும் நாள் அது. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் என்ற பெயர் தாங்கிய உளுந்து வகைகள் நாட்டின் பல பகுதிகளில் விதைக்கப்படுகின்றன. குறைந்த நீரில் குறுகிய காலத்தில் விளையும் பயிர் எது என்று தேடுகிற ஒரு சீமையில் அம்மையம் அமைந்தது பொருத்தமே. கண்மாயில் எஞ்சிய நீர் எத்தனை ஏக்கர் உளுந்துக்குப் போதும் என்ற கேள்வியுடன் மாணவர்கள் அங்குச் சென்றால், அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் மகிழ்ச்சியுடனேயே விடை சொல்வர்.

கடற்கரைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வேறு பாடம் உண்டு. மீனவர் ஆவுளியா என்று வழங்கும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அப்புல்வெளியைப் பற்றி மணமேல்குடி, கோட்டைப்பட்டினத்து வலைஞர்களுக்குத் தெரிந்த அளவு நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரியாது. அது தனிப் பேச்சுக்குரிய பொருள். இங்கு இவ்வளவில் நிறுத்துகிறேன்.

இன்னும் சில ஆண்டுகளில் வானமும் ஒரு நிகழ்ச்சியைத் தரப்போகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம் புதுக்கோட்டை வழியே சென்றது. சூரியன் ஒளி வளையமாய் நின்றதைத் தக்க கண்ணாடி அணிந்து சிறுவரும் முதியவரும் ஒன்றாகக் கண்டனர். கிரகண வேளையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களும் உண்டுதான். ஆயினும் என் இளமையில் இருந்ததைவிட அத்தொகை மிகக் குறைவு. அடுத்து 2031 மே 21-இல் நண்பகல் கடந்த வேளையில் அத்தகைய மற்றொரு கிரகணம் தென் கேரளத்தையும் மதுரைப் பகுதி உட்படத் தென்தமிழ்நாட்டையும் கடக்கும். எந்த நாள், எந்த வேளை என்பதைக் கணித நூலோர் பல்லாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டனர். நிலவின் நிழல் எங்கே விழும் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்த நாம், வரும் கோடையில் நம் ஊர்க் கண்மாய் எந்த வாரம் வற்றும் என்பதைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறோம். முன்னதற்கு அளவுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. பின்னதற்கு அவை சேர்க்கப்படவில்லை.

கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு உதவி அளித்து வருகிறது. அதற்குரிய விண்ணப்பத்தில் கண்மாய் ஒன்றின் நீர்க்கணக்கையும் சேர்க்கலாம். வரலாற்றுத் துறை மாணவர் குமிழித் தூணின் எழுத்தைப் படியெடுக்கட்டும். இயற்பியல் மாணவர் மட்டம் அளக்கட்டும். விலங்கியல் மாணவர் வந்து தங்கிய பறவைகளை எண்ணட்டும். தமிழ் மாணவர் மடை, வாரி, கலுங்கு ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். நான்கு துறையினரும் ஒரே கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும் வாய்ப்பு கல்லூரியில் வேறு எப்போது வரப்போகிறது? வறண்ட கண்மாய்களில் எழுத்துள்ள குமிழித் தூண்கள் புதிதாகக் கண்டறியப்படும் செய்தி இன்றும் நாளேடுகளில் அவ்வப்போது வருகிறது. ஆகையால் 1929-இல் அச்சான நூலோடு அப்பணி முடிந்துவிடவில்லை.

அளவுகோல் கட்டச் செல்வோர்க்கு ஒரு சிறு எச்சரிக்கை. முதல் நாள் தனியே செல்லாதீர்கள்; ஊர் ஆள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். குமிழியின் அருகே வண்டல் இடுப்பளவு இருக்கும்; மேலே நீர் தெளிந்திருப்பதால் ஆழம் தெரியாது. பரிசலோ, லாரி டியூபோ ஊரில் கிடைக்கும். கோலின் சுழி குமிழித் தொட்டியின் மூடிமட்டத்தில் இருக்குமாறு வைத்துக் கட்டினால், மடை வழியே பாயத்தக்க நீர் இன்னும் எவ்வளவு என்பதைக் கரையில் நின்றே படித்துவிடலாம்.